உடைப்பதற்காகவே ஒரு ஹாஷ்

கடவுச்சொல்லை ஹாஷ் செய்யும், அதாவது திரும்ப மீட்க முடியாத எண்ணாக மாற்றும், அல்காரிதத்தைச் சொந்தமாக எழுதாதே என்று பாதுகாப்புத் துறையில் இருக்கும் எல்லாருமே சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். நிஜ மனிதர்களின் கடவுச்சொல் சேமிக்கப்படும் எந்த இடத்திலும் வீட்டில் செய்த ஹாஷுக்கு வேலை இல்லை. அதற்கு ஆர்கான்2ஐடி இருக்கிறது, பிகிரிப்ட் இருக்கிறது. இரண்டுமே இலவசம், பரவலாகப் புழங்கும் எந்த நிரல் மொழியிலும் கிடைக்கும். ஆனால் பொழுதுபோக்காக நிரல் எழுதுகிறவர்கள் ஒரு ஹாஷைத் தாங்களே கட்டி, தாங்களே உடைத்துப் பார்க்காமல் விட்டால் பெரிய சந்தோஷம் ஒன்றை இழக்கிறார்கள் என்பது என் எண்ணம். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: நம் கையால் உடைக்க முடிகிற அளவுக்கு அது சின்னதாக இருக்க வேண்டும்.

ஏன் சின்னதாக? 256 பிட் ஹாஷ் ஒன்றை எழுதி ஓட்டிப் பாருங்கள். எதை உள்ளே கொடுத்தாலும் வெளியே வருவது ஒழுங்கே இல்லாத எண்ணெழுத்துக் கோவைதான். நன்றாகச் செய்ததும் அப்படித்தான் தெரியும், ஓட்டையாகச் செய்ததும் அப்படித்தான் தெரியும். கண்ணுக்கு வித்தியாசமே பிடிபடாது. அதே அமைப்பை 32 பிட்டுக்குச் சுருக்கினால் மொத்தமே 429 கோடியே 49 லட்சம் நிலைகள்தான். சி மொழியில் எழுதினால் ஒரு சாதாரணக் கணினி அத்தனையையும் ஒன்று விடாமல் சில நிமிடங்களில் ஓட்டிவிடும். எந்தெந்த விடை வந்தது என்று குறித்துவைக்க, விடைக்கு ஒரு பிட் வீதம் 512 மெகாபைட் நினைவகம் போதும். அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை, முழுவதையும் எண்ணிவிடலாம். ஒரு ஹாஷின் உள்ளே நடப்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

என்னுடையதற்கு முடிச்சு என்று பெயர். அது உள்ளே வைத்திருக்கும் நிலை முழுவதும் எட்டு பிட் கொண்ட நான்கு சொற்கள்: அ, ஆ, இ, ஈ. ஒரு சுற்றில் நடப்பது இதுதான். அ-வோடு ஆ-வைக் கூட்டு, வந்ததை ஈ-யோடு எக்ஸார் செய் (இரண்டு பிட்டும் வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0), ஈ-யை இடப்பக்கம் 4 பிட் சுழற்று. பிறகு இ-யோடு ஈ-யைக் கூட்டு, அதை ஆ-வோடு எக்ஸார் செய், ஆ-வை 3 பிட் சுழற்று. இதே இரண்டு அடியையும் 2, 1 என்ற சுழற்சிகளோடு இன்னொரு முறை செய். டேனியல் பெர்ன்ஸ்டைன் 2008இல் வெளியிட்ட சாச்சா என்ற மறையாக்க முறையின் கால்சுற்று (குவார்ட்டர் ரவுண்ட்) இதே வடிவம்தான். அங்கே ஒரு சொல் 32 பிட், சுழற்சி எண்கள் 16, 12, 8, 7. எலும்புக்கூட்டை அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது என் நோக்கம் இல்லை. அதில் ஒவ்வொரு உறுப்பும் ஏன் இருக்கிறது என்பதை, அந்த உறுப்பைப் பிடுங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பிடுங்கியது கூட்டலை. கூட்டல் இருந்த இடத்திலெல்லாம் எக்ஸார் போட்டேன். இப்போது உள்ளே ஒரு பிட்டைப் புரட்டினால் வெளியே எத்தனை பிட் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல ஹாஷில் சராசரியாகப் பாதி, அதாவது 32இல் 16 மாற வேண்டும். சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனால் இந்தக் கூட்டல் இல்லாத பதிப்பும் 16-ஐ ஒட்டிய சராசரியைக் காட்டிவிடுகிறது. பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் பலர் இந்த இடத்தில் சோதனையை முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் சராசரியை விட்டுவிட்டு 32 வரிசை, 32 பத்தி என்று 1024 கட்டமுள்ள அட்டவணை போட்டுப் பாருங்கள். உள்ளே இந்த பிட் மாறினால் வெளியே அந்த பிட் எத்தனை சதவீதம் மாறுகிறது என்பது ஒவ்வொரு கட்டத்திலும். கூட்டல் இல்லாத முடிச்சில் எல்லாக் கட்டத்திலும் ஒன்று 0, இல்லையென்றால் 100. ஐம்பது என்று ஒரு கட்டம்கூட இல்லை. ஏழாவது பிட்டைப் புரட்டினால் எந்தக் கடவுச்சொல்லாக இருந்தாலும் எப்போதும் அதே வெளி பிட்கள்தான் மாறும். எக்ஸாரும் சுழற்சியும் நேரியல் செயல்கள் என்பதால் எத்தனை ஆயிரம் சுற்று ஓட்டினாலும் இது மாறாது. முப்பத்துச் சொச்சம் உள்ளீடு-வெளியீடு ஜோடி கிடைத்தால் போதும், நேரியல் சமன்பாடுகளைத் தீர்ப்பது போலத் தீர்த்து, எந்த ஹாஷிலிருந்தும் உள்ளீட்டுக்குத் திரும்பி நடந்துவிடலாம்.

கூட்டலைத் திரும்ப வைத்ததும் அட்டவணை உயிர் பெறுகிறது. பள்ளிக்கூடத்தில் "மூன்று போட்டு, கையில் ஒன்று" என்று கூட்டினோமே, அந்தக் கையில் இருக்கும் ஒன்றுதான் நேரியல்தன்மையை உடைக்கிறது. அது அடுத்த இடத்துக்குப் போகுமா போகாதா என்பது மற்ற பிட்களைப் பொறுத்தது. அதிலும் இரண்டு ஓரங்கள் கவனிக்கத்தக்கவை. கடைசி பிட்டுக்கு முந்தைய இடமே கிடையாது என்பதால் அதற்குக் கையில் ஒன்று வராது. அந்த ஒரு பிட்டுக்குக் கூட்டலும் எக்ஸாரும் ஒன்றே. தலைப்பக்கத்துப் பிட்டில் இருக்கும் வித்தியாசமோ, கொண்டுபோக மேலே இடம் இல்லாததால் அப்படியே நூறு சதவீதம் மறுபக்கம் வந்துவிடும். சுழற்சி அங்கே உட்கார்ந்திருப்பதன் காரணம் இதுதான். ஓரத்தில் கிடக்கும் பிட்களை நடுவுக்குத் தள்ளி, அடுத்த கூட்டலில் சிக்க வைக்கிறது. சுழற்சியை எடுத்துவிட்டு அட்டவணையைப் பார்த்தால் தகவல் மேல்நோக்கி மட்டுமே ஏறுகிறது, கீழே இறங்குவதே இல்லை. கடைசி பிட்டுகள் நான்கும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு ஒரு தனித் தீவாகக் கிடக்கின்றன.

ஒவ்வொரு சுற்றிலும் கலக்கும் நிலையான எண்களான மாறிலிகளைப் பிடுங்கினால் இன்னொன்று தெரியும். நான்கு சொல்லும் பூஜ்யமாக இருந்தால் கூட்டினாலும், எக்ஸார் செய்தாலும், சுழற்றினாலும் பூஜ்யம்தான். காலியான கடவுச்சொல், பூஜ்ய சால்ட் (கடவுச்சொல்லோடு கலக்கும், ஆளுக்கு ஆள் வேறான எண்), கோடி சுற்று, விடை பூஜ்யம். ஷா-256 என்ற புகழ்பெற்ற ஹாஷில் முதல் 64 பகா எண்களின் கனமூலத்திலிருந்து எடுத்த மாறிலிகள் இருக்கின்றன. அவற்றை முதன்முதலில் பார்த்தபோது அலங்காரம் போலத் தோன்றியது. சுற்றுக்குச் சுற்று வேறுபாடு வேண்டும், அந்த எண்களை வடிவமைத்தவர் தனக்குச் சாதகமாகப் பொறுக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியவும் வேண்டும். இரண்டு வேலையையும் அவை செய்கின்றன. முடிச்சில் சுற்று எண்ணையே அ-வோடு கூட்டிவிட்டேன், இந்த அளவுக்கு அது போதும்.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

மேலே சொன்ன சுற்று, மாறிலியைச் சேர்த்த பிறகும், திருப்பி நடக்கக்கூடியது. கூட்டியதைக் கழிக்கலாம், சுழற்றியதை எதிர்ப்பக்கம் சுழற்றலாம். எத்தனை முறை ஓட்டினாலும் 429 கோடி நிலைகளும் ஒன்றுக்கொன்று மோதாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஹாஷுக்கு அது ஆகாது, விடையிலிருந்து பின்னோக்கி நடந்து கடவுச்சொல்லைப் பிடித்துவிடலாம். ஆகவே சுற்றுகள் முடிந்ததும் தொடக்க நிலையை எடுத்து முடிவோடு கூட்டிவிடுகிறோம். இப்போது பின்னோக்கி நடக்க வழி இல்லை. கூடவே புதிதாக ஒன்று நுழைகிறது: இரண்டு வெவ்வேறு உள்ளீடு ஒரே விடைக்குப் போகலாம்.

429 கோடி நாற்காலி, 429 கோடி பேர், ஆளாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாற்காலியைப் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாற்காலிகளில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், சில காலியாக இருக்கும். நிகழ்தகவுக் கணக்குப்படி 63.2 சதவீதத்தில்தான் ஆள் இருக்கும், சுமார் 271 கோடி. முடிச்சின் 512 மெகாபைட் பட்டியலை எண்ணிப் பார்த்தபோது இந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றது. அதுவே ஒரு நல்ல செய்தி, நம் செயல் கண்ணை மூடிப் பொறுக்குவது போலவே நடந்துகொள்கிறது என்று பொருள்.

ஊகித்து ஊகித்துப் பார்ப்பவரைத் தாமதப்படுத்த, கடவுச்சொல் ஹாஷ் வேண்டுமென்றே மெதுவாக இருக்க வேண்டும் என்பது 1979இலேயே சொல்லப்பட்டது. யூனிக்ஸின் கடவுச்சொல் பாதுகாப்பு பற்றி ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் எழுதிய கட்டுரையில் பழைய முறை தேவைக்கு மேல் வேகமாக இருந்ததைக் குறைபாடாகவே குறிப்பிட்டு, டெஸ் என்ற குறியாக்க முறையை 25 தடவை அடுத்தடுத்து ஓட்டும் ஏற்பாட்டை விவரித்தார்கள். 4096 விதமாக மாறக்கூடிய 12 பிட் சால்ட்டும் அதில் உண்டு. அதைப் படிக்கிற எவருக்கும் தோன்றும் யோசனை, விடையைத் திரும்ப உள்ளே கொடு, பத்தாயிரம் தடவை கொடு என்பதுதான். அந்த யோசனையை அப்படியே செய்தால் என்ன ஆகிறது என்று சின்ன அளவில் பார்க்கலாம். முதல் முறை 271 கோடி. இரண்டாவது முறை, உட்கார்ந்திருக்கும் நாற்காலிகள் மட்டுமே உள்ளீடு என்பதால், சுமார் 201 கோடி. பத்தாவது முறையில் சுமார் 68 கோடி. ஆயிரத்தில் 86 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பத்தாயிரத்தில் ஏறத்தாழ 8 லட்சத்து 60 ஆயிரம்தான் மிச்சம். சுற்று எண்ணிக்கை கூடக் கூட, மொத்த நிலைகளின் இரண்டு மடங்கை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் எஞ்சும். 429 கோடி விடை வரக்கூடிய இடத்தில் எட்டரை லட்சம் விடை! கூடுதலாக உழைத்ததற்குப் பலன், கூடுதல் மோதல். ஒரே ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு போனாலும் சராசரியாக 82,000 அடியில் அது தன் பழைய தடத்தையே மிதித்து வட்டமடிக்கத் தொடங்கிவிடுகிறது.

256 பிட்டில் இது ஆளைக் கொல்கிற நோய் கிடையாது. இதே கணக்கில் 6 லட்சம் சுற்று ஓட்டினால் சுமார் 18 பிட் போகும், 238 பிட் மிஞ்சும், அதை யாராலும் தொட முடியாது. ஆனால் நோய் அங்கேயும் இருக்கிறது, தெரியாது அவ்வளவுதான். மருந்து எளிமையானது. ஒவ்வொரு சுற்றிலும் கடவுச்சொல்லையும் சால்ட்டையும் மறுபடி உள்ளே கலக்க வேண்டும். அப்போது தற்செயலாக ஒரே நிலையில் வந்து சேர்ந்த இரண்டு கடவுச்சொற்கள் அடுத்த சுற்றிலேயே பிரிந்துவிடும். பால்-ஹென்னிங் காம்ப் 1990களில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காக எழுதிய எம்டி5கிரிப்ட் என்ற கடவுச்சொல் ஹாஷில் ஆயிரம் சுற்று உண்டு. சுற்று எண் மூன்றால் வகுபடாவிட்டால் சால்ட்டைச் சேர், ஏழால் வகுபடாவிட்டால் கடவுச்சொல்லைச் சேர் என்று அதில் வரும். முன்பு அதைப் படித்தபோது ஏன் இப்படிக் கோணல்மாணலாக எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. நாற்காலிக் கணக்கைப் பார்த்த பிறகு அந்த வரிகள் செய்யும் வேலை கண்முன் தெரிகிறது. 2012இல் காம்ப் தானே முன்வந்து, இனி அதைப் பாதுகாப்பானதாகக் கருதாதீர்கள், வேறு முறைக்கு மாறுங்கள் என்று அறிவித்தார். தன் கைவேலையைப் பற்றி அப்படி வெளிப்படையாகச் சொன்னவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இதுவரை நடந்தது கணிதத்தோடு விளையாட்டு. தாக்குகிறவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் கேள்வியே மாறிவிடுகிறது. அவருக்கு ஹாஷைத் திருப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையில் சொற்பட்டியல் இருக்கிறது, ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து ஒப்பிடுவார். 2009இல் ராக்யூ தளத்திலிருந்து 3.2 கோடிக் கணக்குகளின் கடவுச்சொற்கள் ஹாஷே செய்யாமல் வெளியேறின. அவற்றில் வேறுபட்டவை மட்டும் சுமார் 1 கோடியே 43 லட்சம். இன்றும் எல்லாரும் சோதனைக்கு எடுப்பது அந்தப் பட்டியலைத்தான்.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு முடிச்சின் இரண்டு பதிப்புகளைத் தாக்கினேன். ஒன்றில் சால்ட் முதலிலேயே கடவுச்சொல்லோடு கலக்கிறது. மற்றொன்றில் கடவுச்சொல்லை மட்டும் லட்சம் சுற்று ஓட்டிவிட்டு, கடைசியில் சால்ட்டைச் சேர்த்து ஒரே ஒரு சுற்று. கட்டுகிறவர் பார்வையில் இரண்டும் ஒன்றுதான்: ஒரே நேரம் எடுக்கிறது, ஒரே கடவுச்சொல்லுக்கு ஆளுக்கொரு ஹாஷ் வருகிறது. தாக்குகிறவருக்கு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இரண்டாவது பதிப்பில் 1 கோடியே 43 லட்சம் சொற்களுக்கும் லட்சம் சுற்றை ஒரே ஒரு தடவை ஓட்டிச் சேமித்துக்கொள்கிறார். அதன்பின் ஆயிரம் பேர் பட்டியல் கிடைத்தாலும் பத்து லட்சம் பேர் பட்டியல் கிடைத்தாலும் ஆளுக்கு, சொல்லுக்கு, ஒரே சுற்று. நாம் போட்ட லட்சம் சுற்றுச் சுமையில் அவர் தூக்குவது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இதன் மறுபக்கமும் அதே அளவு மோசம். சால்ட்டிலிருந்து மட்டும் பெரிய அட்டவணை ஒன்றைக் கஷ்டப்பட்டு உருவாக்கிவிட்டு, கடவுச்சொல்லைக் கடைசியில் கொண்டுவந்தால், அவர் ஆளுக்கு ஒரு முறை அட்டவணையை உருவாக்கிக்கொண்டு கோடிச் சொல்லையும் மூச்சு விடாமல் ஓட்டிவிடுவார். கடவுச்சொல், சால்ட் இரண்டும் முதல் சுற்றுக்கு முன்பே ஒன்றாகக் கலந்தாக வேண்டும்.

இங்கே நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. சால்ட் கடைசியில் வரும் அந்த ஓட்டைப் பதிப்பையே 256 பிட்டுக்குப் பெரிதாக்கி, அதன் வெளியீட்டைப் பிராக்ட்ரேண்ட், டைஹார்டர் மாதிரியான புள்ளியியல் சோதனைகளுக்குக் கொடுத்தால் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வரும். 256 வரிசை, 256 பத்தி என்று அட்டவணை போட்டாலும் எல்லாமே ஐம்பதை ஒட்டி நிற்கும். வெளியே வரும் பிட்கள் உண்மையிலேயே நன்றாகத்தான் கலந்திருக்கின்றன. ஓட்டை இருப்பது வேலை நடக்கும் வரிசையில். அதை எந்தப் புள்ளியியல் சோதனையும் பார்ப்பதில்லை. மெர்சென் ட்விஸ்டர் என்ற புகழ்பெற்ற சமவாய்ப்பு எண் உருவாக்கியும் அப்படித்தான். டைஹார்டு சோதனைகளை அது தாண்டும். ஆனால் தொடர்ந்து 624 எண்களைப் பார்த்தவர் 625ஆவதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். சோதனையில் தோற்றால் ஹாஷ் மோசம் என்று உறுதியாகச் சொல்லலாம். ஜெயித்தால் தாக்குகிற நிரலை எழுத உட்கார வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தாக்கும் நிரலை நான் சி மொழியில்தான் எழுதுவேன், முடிச்சைப் பைத்தானில் எழுதியிருந்தாலும். காரணம் இருக்கிறது. பைத்தானில் ஒரு ஹாஷுக்கு அரை நொடி ஆகிறது, ஆகவே என் ஹாஷ் மெதுவானது என்று நினைத்துக்கொள்வது எளிது. அந்த அரை நொடியில் பெரும்பகுதி பைத்தானுடையது, அல்காரிதத்துடையது கிடையாது. தாக்குகிறவர் சி-யில் எழுதுவார், பிறகு ஜிபியூவில் (வரைகலைச் செயலியில்) ஆயிரக்கணக்கான பிரதிகளை ஒரே நேரத்தில் ஓட்டுவார். மெதுவாக இருக்கிறதா என்று அளக்கும்போது, நம்மால் முடிந்த அளவுக்கு வேகமாக எழுதப்பட்ட பதிப்பைத்தான் அளக்க வேண்டும். 2012இல் லிங்க்டுஇன்னிலிருந்து வெளியேறிய சுமார் 65 லட்சம் ஹாஷ்களும் சால்ட் இல்லாத ஷா-1. வேகத்துக்காகவே செய்யப்பட்ட ஒன்றைக் கடவுச்சொல்லுக்குப் போட்டதால் மிக விரைவில் அவற்றில் பெரும்பாலானவை உடைந்தன.

உள்ளீட்டைப் பைட்டாக மாற்றும் இடத்தைப் பலர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. கடவுச்சொல்லையும் சால்ட்டையும் சும்மா ஒட்டினால், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது தொலைந்துவிடும். முன்னால் நீளத்தை எழுதிவிட்டு ஒட்டினால் தீர்ந்தது. காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பினால், ஒரு சொல்லும் அதன் முடிவில் பூஜ்ய பைட் சேர்ந்த சொல்லும் ஒன்றாகிவிடும். பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டும்தான் பார்க்கும். 2024இல் உள்நுழைவுச் சேவை தரும் ஆக்டா நிறுவனம் வெளியிட்ட ஒரு குறைபாட்டின் வேர் இதுதான். பயனர் எண், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒட்டிப் பிகிரிப்டுக்குக் கொடுத்து ஒரு தற்காலிகச் சேமிப்புக்கான சாவியை உருவாக்கினார்கள். பயனர் பெயர் 52 எழுத்தோ அதற்கு மேலோ இருந்தால் 72 பைட் அதற்குள்ளேயே முடிந்துபோய், சில சூழ்நிலைகளில் கடவுச்சொல் கணக்கிலேயே வராமல் போனது. பிகிரிப்டில் எந்தக் குறையும் இல்லை, அதற்குள் எதைப் போட்டார்கள் என்பதில்தான் கோளாறு.

தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். எழுத்தைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். "தி" என்றால் த-வும் இகரக் குறியுமாக 6 பைட். ஆக 72 பைட் என்பது இப்படிப்பட்ட 12 எழுத்துதான், அதற்குமேல் என்ன தட்டினாலும் பிகிரிப்டுக்குத் தெரியாது. "கொ" இன்னும் சுவாரசியம். க-வோடு ஒகரக் குறி என்று ஒரே குறியாக எழுதினால் 6 பைட். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக எழுதினால் 9 பைட். திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் கிடையாது. ஒரு விசைப்பலகையில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் வந்தால், சரியான கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு "தவறு" என்ற பதிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஹாஷ் செய்யுமுன் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடு என்று ஆர்எஃப்சி 8265 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. முடிச்சின் சோதனைத் தொகுப்பில் "கொ"வின் இரண்டு வடிவமும் நிரந்தரமாக இருக்கின்றன. யார் ஹாஷ் எழுதினாலும், எழுதியதை எங்கே பயன்படுத்தினாலும், அந்த ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நினைவகம் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பிகிரிப்டுக்கு 4 கிலோபைட் அளவு நினைவகம் போதும். காலின் பெர்சிவல் 2009இல் எஸ்கிரிப்டை வெளியிட்டபோது யோசனை வேறு திசைக்குப் போனது. சுற்றுகளை மட்டும் கூட்டாமல், ஒவ்வொரு ஹாஷுக்கும் நிறைய நினைவகம் தேவைப்படும்படி செய்தால், ஆயிரக்கணக்கில் பிரதிகளை ஓட்டுகிறவருக்குத்தான் செலவு எகிறும். ஒரு நீளமான பட்டியலை வரிசையாக நிரப்பு, பிறகு தற்போதைய நிலை சொல்லும் இடங்களிலிருந்து தாறுமாறாகப் படித்துக் கல.

முடிச்சுக்கு 4096 கட்டப் பட்டியல் ஒன்றைச் சேர்த்து, அதை ஏமாற்றும் நிரல் ஒன்றையும் எழுதினேன். ஒன்று விட்டு ஒன்றாகப் பாதிக் கட்டத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. இல்லாத கட்டத்தைக் கேட்டால் முந்தையதிலிருந்து ஒரு அடி நடந்து உருவாக்கிக்கொள்கிறது. படிக்கும்போது சராசரி வேலை ஒன்றரை மடங்காகிறது, நிரப்பும் வேலை அப்படியே. ஆக மொத்த நேரம் 1.25 மடங்கு, நினைவகம் பாதி, இரண்டையும் பெருக்கினால் 0.625. நாலில் ஒரு பங்கு கட்டம் மட்டும் வைத்தால் 0.4375. இன்னும் குறைத்துக்கொண்டே போனாலும் இந்தப் பெருக்கல் கால்வாசிக்குக் கீழே இறங்காது. அதாவது இந்த வழியில் தாக்குகிறவருக்கு அதிகபட்சம் நாலு மடங்கு லாபம். காகிதத்தில் போட்ட கணக்கு அப்படியே நிரலில் வந்து நின்றபோது கிடைத்த திருப்திக்கு ஈடு இல்லை.

அந்த நாலு மடங்கையும் கொடுக்க மனம் வரவில்லை. நிரப்பும்போதே ஒவ்வொரு கட்டமும் முந்தையதை மட்டும் பார்க்காமல் பழைய கட்டம் ஒன்றையும் தேடிப் படிக்கும்படி மாற்றினேன். இப்போது இல்லாத ஒரு கட்டத்தை உருவாக்க இன்னொரு இல்லாத கட்டம் வேண்டும், அதற்கு இன்னொன்று. ஏமாற்றும் நிரல் கிளை கிளையாகப் பிரிந்து மூச்சு வாங்குகிறது. ஆனால் எந்த இடத்தைப் படிப்பது என்பதைக் கடவுச்சொல்லே தீர்மானிப்பதால், அதே கணினியில் ஓடும் இன்னொரு நிரல் கேஷ் நினைவகத்தின் நேர வித்தியாசத்தைக் கவனித்து எதையாவது ஊகிக்கும் வாய்ப்பு உண்டு. இந்த இழுபறிக்கு ஆர்கான்2ஐடி செய்த சமரசம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் ஓட்டத்தின் முதல் பாதியில் இடங்களைக் கடவுச்சொல்லுக்குத் தொடர்பில்லாமல் தேர்ந்தெடுக்கிறது, அதன்பிறகு அதைச் சார்ந்து தேர்ந்தெடுக்கிறது.

அந்த ஆர்கான்2 வந்த வழியையும் பாருங்கள். கடவுச்சொல் ஹாஷுக்கென்றே 2013இல் திறந்த போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. 24 வடிவங்கள் வந்தன. 2015 வரை அவற்றை ஒருவருக்கொருவர் வெளிப்படையாகக் குடைந்தார்கள். லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிர்யூகோவ், டினு, கோவ்ரடோவிச் மூவரின் ஆர்கான்2 தேர்வானது. தேர்வான பிறகும் விடவில்லை. ஆல்வெனும் பிளாக்கியும் 2016இல் ஆர்கான்2-வின் 'ஐ' (i) பதிப்பின் மேல் நினைவகத்தைக் குறைக்கும் தாக்குதலைக் காட்டினார்கள். 2021இல்தான் அது ஆர்எஃப்சி 9106 ஆக வெளிவந்தது. தன் வடிவத்தைத் தானே தாக்குகிற ஒரு ஆளால் இத்தனை கண்களுக்கு ஈடுகொடுக்க முடியாது. முடிச்சு என் மேசையை விட்டு வெளியே போகாமல் இருப்பதற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது சுழற்சி எண்களின் தேடல். எட்டு பிட் சொல்லில் ஒவ்வொரு சுழற்சிக்கும் 1 முதல் 7 வரை ஏழு வாய்ப்பு, நான்கு சுழற்சிக்கு மொத்தம் 2401 கூட்டணி. ஒவ்வொன்றுக்கும் எத்தனையாவது சுற்றில் 1024 கட்டமும் ஐம்பதை நெருங்குகிறது என்று பார்க்கிறேன். முதலில் மாதிரிகளை வைத்து வடிகட்டிவிட்டு, தேறியதை மட்டும் முழு 429 கோடிக்கும் ஓட்டுவதாகத் திட்டம். நான்குமே 4 என்று வைத்தால் பிட்கள் சொல்லின் இரண்டு பாதிகளுக்கு இடையே தாவுவதோடு சரி, கூட்டலின் கையில் ஒன்றுதான் அவற்றை மெல்ல மெல்ல நகர்த்த வேண்டியிருக்கிறது. ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் கலந்த கூட்டணிகள் பொதுவாக முன்னால் நிற்கின்றன. நான் தொடக்கத்தில் எடுத்த 4, 3, 2, 1 அந்த வரிசையில் எங்கே வந்து உட்காரும் என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன். அது முடிந்ததும் சொல்லை 16 பிட்டாக்கி, இதே எண்கள் அங்கேயும் தாக்குப்பிடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நிலை 64 பிட்டாகிவிடும் என்பதால் அங்கே முழுவதையும் எண்ண முடியாது.